காட்சிக்கு வைக்கப்பட்ட அம்மா

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வெளியே போய் ஜாலியாக இருந்துவிட்டு வருவது என்பது, சம்பளமும் ஓய்வு நேரமும் இல்லாத ஒரு முழுநேர வேலை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. வார்டில் ஒரே சமயத்தில் எல்லாக் கட்டிலிலிருந்தும் மணி அடித்தாலும் அசர மாட்டேன். ஆனால் காலையில் என் வீட்டுக்காரர் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று, "இன்னிக்கு நாம ஃபேமிலியா எங்கயாச்சும் போவோமா?" என்று ஆரம்பித்தால், எனக்கு உடனே வார்டுக்கே ஓடிவிடலாமா என்று தோன்றும். அதற்குக் காரணம் ஒரு சனிக்கிழமை.

அப்போது என் மகள் தாரணிக்கு எட்டு வயது. மகன் கவினுக்கு ஐந்து. தாரணி வகுப்புத் தலைவி. வீட்டிலும் அதே பதவியில்தான் இருந்தாள். சட்டம் எதுவானாலும் எழுத்துப் பிசகாமல் நடப்பாள், மற்றவர்களையும் நடத்துவாள். கவினுக்குச் சட்டம் கிடையாது. அவனுக்கு இருந்ததெல்லாம் டைனசோரும் பசியும்தான். (பசி என்றால் நிஜப் பசி இல்லை. வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்த மறுநிமிடம் யாராவது "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "இல்ல" என்று சொல்லும் பசி.) என் வீட்டுக்காரர் குமரன் ஏர்கோன் பழுதுபார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல மனிதர். திட்டம் போடாத நேரத்தில் இன்னும் நல்ல மனிதர்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இரவு வேலை. சனிக்கிழமை காலையில் வேலை முடிந்து, பிள்ளைகளுக்கு நாசி லெமாக் சோறு கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்காத குறையாக வீட்டுக்கு வந்தேன். குளித்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுவது என்ற ஒரே லட்சியம். கதவைத் திறந்தால் வரவேற்பறையில் ஒரு பயணக் குழு நின்றுகொண்டிருந்தது. தாரணி முதுகில் பையை மாட்டித் தண்ணீர் பாட்டிலோடு தயார். கவின் சட்டை மட்டும் போட்டிருந்தான், கீழே ஒன்றுமில்லை. குமரன் முகத்தில் திட்டம் எழுதி ஒட்டியிருந்தது.

பள்ளிக்கூடப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாள் யாரோ ஒரு படம் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளை ஒரு பழங்காலத் தூணின் முன்னால் கைகட்டி நிற்கிற படம். கீழே, விளையாட்டோடு கல்வி என்று ஒரு வரி. அவ்வளவுதான். நம் பிள்ளைகள் எப்போது பார்த்தாலும் போனில் கிடக்கின்றன, நாமும் கோலாலம்பூரில் ஏதாவது அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று இவருக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. (அந்தக் குற்ற உணர்ச்சியும் போனிலிருந்துதான் வந்தது என்பதை அவர் கவனிக்கவில்லை.)

நியாயமாகச் சொல்ல வேண்டும். "நீ படுத்துத் தூங்கு மல்லி, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றுதான் அவர் சொன்னார். மூளை வேலை செய்கிற நேரமாக இருந்திருந்தால் அந்த நொடியே படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டிருப்பேன். ஆனால் கவின் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அம்மாவும் வரணும் என்று அழுதான். அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் என்னைவிட என் படுக்கையறைக் கதவைத்தான் அதிகம் பார்த்திருந்தார்கள். நான் இரவு வேலை செய்கிற வாரங்களில் வீட்டில் ஒரே ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது: வீடு பற்றி எரிந்தாலொழிய அம்மாவை எழுப்பக் கூடாது. அந்தக் கதவுக்கு வெளியே இரண்டு பேரும் கிசுகிசுத்துச் சண்டை போடுவது அரைத் தூக்கத்தில் எனக்குக் கேட்கும். அதெல்லாம் நினைவுக்கு வந்து, சரி, நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். படம் எடுக்க வேண்டும், நல்ல உடையாகப் போடு என்றார் அவர். கைக்கு அகப்பட்ட பாத்தேக் நீள உடை ஒன்றை மாட்டிக்கொண்டேன். வார்டுத் தோழி தைத்துக் கொடுத்தது. அந்த உடைக்கும் பின்னால் நடந்ததில் பங்கு உண்டு.

காரில் போனால் அரை நாள் பார்க்கிங் தேடுவதிலேயே போகும், கொமியூட்டர் ரயிலில் போனால் பிள்ளைகளுக்கு அனுபவமாக இருக்கும் என்றார். அனுபவமாகத்தான் இருந்தது. கவினுக்கு முதலில் கதவோரம் நிற்க வேண்டும், பிறகு உட்கார வேண்டும், பிறகு தாரணி உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் "வந்திருச்சா?" என்று கேட்டான். சுபாங் தாண்டி, நிலையமே இல்லாத ஓரிடத்தில் ரயில் காரணம் சொல்லாமல் நின்றது. நான் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடினேன். உடனே என் விலாவில் ஒரு முழங்கை. "மல்லி, பாரு, பிள்ளைங்க எவ்ளோ சந்தோஷமா இருக்குதுங்க." பார்த்தேன். ஒருத்தி தம்பியின் காதைப் பிடித்திருந்தாள். இவன் அக்காவின் தண்ணீர் பாட்டிலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்பது திட்டத்தின் அடுத்த பகுதி. சனிக்கிழமைக் கூட்டம். புடவைக் கடை வாசலில் நின்று ஒரு படம், பூக்கடை ஓரம் ஒரு படம். தோசைக் கடையில் கவின் சாம்பார்க் கிண்ணத்தைத் தன் சட்டை மேலேயே கவிழ்த்துக்கொண்டான். எதிர்க் கடையில் அவசரமாக ஒரு டீ-சட்டை வாங்கி, நடைபாதையிலேயே நான் மாட்டிவிட்டேன். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. எனக்கு எதிரே இருந்தவை எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இரண்டு குமரன்கள் கையில் இரண்டு போனை வைத்துக்கொண்டு, கொஞ்சம் சிரி என்றார்கள்.

அருங்காட்சியகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது. உள்ளே நுழைந்ததும் நான் உணர்ந்தது வரலாறு இல்லை, ஏர்கோன். மங்கலான வெளிச்சம், அப்படி ஒரு குளிர்ச்சி, அப்படி ஓர் அமைதி. கோயிலில்கூட எனக்கு இவ்வளவு பக்தி வந்ததில்லை.

அமைதியைக் கவின்தான் கலைத்தான். "டைனசோர் எங்கே?"

அவனைக் காலையில் கால்சட்டைக்குள் நுழைப்பதற்காக, அங்கே டைனசோர் இருக்கும் என்று குமரன் சொல்லிவைத்திருந்தார். அங்கே கத்தி இருந்தது, கிரீடம் இருந்தது, பானை இருந்தது, படகு இருந்தது. ஒவ்வொரு கூடத்திலும் கவின் நிமிர்ந்து பார்த்து, இல்லை என்று தெரிந்துகொண்டு, அடுத்த கூடத்துக்கு ஓடினான். உள்ளே இருக்கும்டா, இன்னும் உள்ளே இருக்கும் என்று குமரன் சமாளித்துக்கொண்டே வந்தார். கடைசிக் கூடத்தில் பாதுகாவலர் ஒருவரை அவனே நேரில் போய் விசாரித்தான். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். டைனசோர் இங்கே ஒருபோதும் இருந்ததில்லையாம்.

கவின் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருக்கலாம். அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். சரியாக அந்த நேரத்தில் குமரனுக்குப் போன் வந்தது. பங்சாரில் ஏதோ ஆபிஸில் ஏர்கோன் மொத்தமாக நின்றுவிட்டதாம். "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பின்பக்க வாகன நிறுத்துமிடத்தில் வட்டமாக நடந்தபடி, போனிலேயே கம்ப்ரெசரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கடைசிக் கூடத்தில் அந்தக் காலத்து மலாய்க் கம்பத்து வீடு, அதாவது கிராமத்து வீடு ஒன்றை அப்படியே அமைத்து வைத்திருந்தார்கள். மரச் சுவர், மரத் தரை. வாசலில் வலை பின்னிக்கொண்டு ஒரு ஆண் பொம்மை. அடுப்பங்கரையில் பாத்தேக் உடுத்திய ஒரு பெண் பொம்மை. நடு அறையில் இலவம்பஞ்சு மெத்தை போட்ட ஒரு கட்டில், அதன் மேல் கொசுவலை. குறுக்கே ஒரு கயிறு. கவின் அந்தக் கயிற்றுக்கு அடியில் புகுந்து, நேரே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வேலைநிறுத்தம்.

தாரணிக்கு மயக்கமே வந்துவிட்டது. "அம்மா, அதுக்குள்ள போகக் கூடாது. அவன் போயிட்டான். நீங்க கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். வரவில்லை. பாதுகாவலர் பக்கத்துக் கூடத்துக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் வெளியே எடுத்துவிடலாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நானும் கயிற்றைத் தாண்டினேன். குனிந்து கெஞ்சினேன். ஐஸ்கிரீம் என்றேன். பொம்மை டைனசோர் என்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வாரம் முழுக்க நின்ற முழங்கால்கள் மடங்கியபடி இருக்க மறுத்தன. சரி, அவன் மனம் மாறும்வரை கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்காரலாம் என்று உட்கார்ந்தேன்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கட்டிலில் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவது என் தொழிலில் ஒரு பகுதி. பணிவாகத்தான் சொல்வேன், ஆனால் எழுப்பாமல் விட்டதில்லை. அந்த நான் உட்கார்ந்தேன். இலவம்பஞ்சு மெத்தை என்னை மெதுவாக உள்ளே வாங்கிக்கொண்டது. முதுகைக் கொஞ்சம் சாய்த்தால் என்ன என்று தோன்றியது. அதுவரைக்கும்தான் எனக்கு ஞாபகம்.

இதற்குப் பிறகு நடந்தவற்றை நான் பலரிடமிருந்து சேகரித்தேன்.

அலுத்துப்போய்க் கவின் தானாகவே கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்திருக்கிறான். அம்மா கொசுவலைக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கிறாள். தாரணிக்கு இரண்டு சட்டங்கள் ஒரே நேரத்தில் மோதின. கயிற்றுக்கு உள்ளே போகக் கூடாது. அம்மாவை எழுப்பவும் கூடாது. வீடு பற்றி எரிகிறதா என்று பார்த்தாள். எரியவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைத் தேடிப் போனாள். அப்பாவைக் காணவில்லை. காணாமல் போனால் கவுண்டரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாசல் கவுண்டருக்குப் போய்விட்டாள்.

கவுண்டரில் இருந்தவர் நடுத்தர வயதுள்ள ஒரு மலாய் அக்கா. பேச்சு மலாயில் நடந்தது. என் மகள் மலாயில் கெட்டிக்காரி. கேட்ட கேள்விக்கு மட்டும் சரியான பதில் சொல்வாள். வினையே அதுதான். அம்மா எங்கே என்று அந்த அக்கா கேட்டிருக்கிறார். தூங்குகிறார்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். எங்கே? வீட்டில். உங்கள் வீடு எங்கே இருக்கிறது? கிள்ளானில். யாரோடு வந்தீர்கள்? அப்பாவோடு. அப்பா எங்கே? தெரியாது, வெளியே போனவர் வரவேயில்லை. போன் செய்து அம்மாவை எழுப்பலாமா? கூடாது, எழுப்பினால் கோபம் வரும்.

அந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். சின்னவன் பக்கம் குனிந்து, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல" என்றானாம் கவின்.

இரண்டு பேருக்கும் பிஸ்கட்டும் மைலோவும் வந்தன. தாரணியிடம் எண்ணைக் கேட்டு என் கைப்பேசிக்கு அழைத்துப் பார்த்தார்கள். இரவு வேலை செய்கிறவளின் போன் பகலில் எப்போதும் ஊமையாகத்தான் கிடக்கும். கைப்பைக்குள், என் தலைமாட்டிலேயே, ஓசையில்லாமல் அது மின்னி மின்னி ஓய்ந்தது. குமரனின் எண் பேச்சிலேயே இருந்தது. ஒலிபெருக்கியில் கிள்ளானைச் சேர்ந்த குமரனை அழைத்தார்கள். அவர் கம்ப்ரெசரோடு இருந்தார். மேலதிகாரி வந்தார். போலீசில் சொல்லலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று பேச்சு ஆரம்பித்தது.

இதே நேரத்தில் கடைசிக் கூடத்துக்குள் ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பு வரிசையாக வந்து சேர்ந்தது. ஓர் இளம் ஆசிரியை, பின்னால் கூட்டமாகப் பிள்ளைகள். வலை பின்னுகிற ஆண், அடுப்பங்கரையில் பெண், கட்டிலில் ஓய்வெடுக்கிற இன்னொரு பெண். அவர் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். அந்தக் காலத்துப் பெண்கள் விடிகாலையிலிருந்து உழைத்துவிட்டு மதியத்தில் இப்படித்தான் சற்றுக் கண்ணயர்வார்கள், முகத்தில் அந்தக் களைப்பை எவ்வளவு தத்ரூபமாகச் செய்திருக்கிறார்கள் பாருங்கள் என்றாராம். (இந்தப் பாராட்டை மட்டும் நான் இன்றுவரை மறுக்கவில்லை.) பொம்மை மூச்சு விடுகிறது, சேகு என்று ஆசிரியையிடம் ஒருவன் சொல்லியிருக்கிறான். உள்ளே மோட்டார் வைத்திருப்பார்கள் என்று இன்னொருவன் பதில் சொல்லியிருக்கிறான். இரண்டு மூன்று போன்கள் படம் எடுத்தன. கடைசியில், சந்தேகத்தைத் தாங்க முடியாத ஒரு குட்டிப் பெண் கயிற்றுக்குள் கையை நீட்டி, என் கால் கட்டைவிரலைத் தொட்டாள்.

வார்டில் காலைத் தொட்டு எழுப்புகிறவர்கள் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். எனக்கு அது பழக்கம். படக்கென்று எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறப்பதற்கு முன்பே, தெளிவான மலாயில், "எங்கே வலிக்குது?" என்று கேட்டேன்.

அந்தக் கூடத்தில் அப்போது எழுந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. பாதிப் பிள்ளைகள் ஆசிரியையைக் கட்டிப்பிடித்தன. ஆசிரியை சுவரைக் கட்டிப்பிடித்தார்.

நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. கொசுவலை, மரச் சுவர், வலை பின்னும் ஆள், என்னையே பார்க்கிற குட்டி முகங்கள். அவற்றில் என் பிள்ளைகளின் முகம் இல்லை. குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தேன். வெறும் தரை.

அந்தக் கூடத்தின் குளிரில் எனக்கு வியர்த்தது. இதுவரை எழுதியதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இந்த இடத்தை மட்டும் அப்படி எழுத வரவில்லை. ஆசிரியை முதலில் சுதாரித்துக்கொண்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். இரண்டு பிள்ளைகள், பெண் பெரியவள், பையன் சின்னவன் என்றேன். என்ன நிறத்தில் சட்டை என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நடைபாதையில் என் கையாலேயே மாட்டிவிட்ட சட்டை. நிறம் நினைவுக்கு வரவேயில்லை. அழுகிற தாய்மாரிடம், "பதறாதீங்க, மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஓட ஆரம்பித்தேன். வெறுங்காலோடு, பாத்தேக் உடையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிரீடங்களையும் கத்திகளையும் படகையும் தாண்டி ஓடினேன். எனக்குப் பின்னால் ஆசிரியை ஓடி வந்தார். ஓட வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் அவருக்குப் பின்னால் மொத்த வகுப்பும் ஓடி வந்தது. பானைக் கூடத்தில் நின்றிருந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒதுங்கி வழிவிட்டு, நாங்கள் போனதைப் படம் எடுத்தார்கள். ஏதோ கலாச்சார நிகழ்ச்சி என்று நினைத்திருப்பார்கள்.

வாசல் கூடத்துக்குள் நுழைந்தேன். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, வாயெல்லாம் மைலோவாகக் கவின் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். பச்சைச் சட்டை. பக்கத்தில் தாரணி, முதுகில் பையோடு, பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்கிற மாதிரி நேராக நின்றிருந்தாள். அவர்களைக் கட்டிப்பிடித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தாரணி என் காதோரம் மெதுவாகச் சொன்னாள். "நாங்க எழுப்பலம்மா. நீங்களாத்தான் எழுந்திரிச்சீங்களா?"

அதற்குப் பிறகுதான் நான் அழுதேன்.

அழுது முடித்து நிமிர்ந்தால், கவுண்டர் அக்கா என்னைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். யார் நீங்கள் என்றார். இவர்களுடைய அம்மா என்றேன். அம்மா கிள்ளானில் வீட்டில் தூங்குகிறார்கள் என்று பிள்ளையே சொன்னதே என்றார். நான்தான் அந்த அம்மா, தூங்கியது உண்மைதான், வீடு மட்டும் வேறு என்றேன். எந்த வீடு என்று கேட்டார். கடைசிக் கூடத்தின் பக்கம் கையைக் காட்டினேன். பின்னால் நின்றிருந்த வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அதை ஆமோதித்தது.

மேலதிகாரி சொங்கோ தொப்பி போட்ட பெரியவர். உள்ளே போய்க் கட்டிலையும் கொசுவலையையும் பார்த்துவிட்டு, என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அவர் கையில் என் செருப்பைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கூசியது. மன்னிப்புக் கேட்டேன். தாதி வேலை, வாரம் முழுக்க இரவு வேலை என்று சொன்னேன். பெரிய திட்டு வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள், மெத்தையும் கிழியவில்லை, அது போதும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தாதிகளை எல்லாரும் கூப்பிடுகிற மாதிரியே, "ஒண்ணு கேக்கலாமா, மிசி? அந்த மெத்தை எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நாங்க இத்தன வருஷமா தூசி தட்டுறோம். ஒருத்தரும் படுத்துப் பாத்ததில்ல."

நன்றாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்வது.

அந்த நேரத்தில்தான் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு குமரன் உள்ளே வந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. கம்ப்ரெசர் சரியாகிவிட்ட திருப்தி கண்ணில் தெரிந்தது. தரையில் உட்கார்ந்திருக்கும் மனைவி, பிஸ்கட் தின்னும் மகன், செருப்போடு நிற்கும் அதிகாரி, முழு வகுப்பு என எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "என்ன, எல்லாம் பார்த்து முடிச்சாச்சா?" என்றார்.

கவுண்டர் அக்கா அவரை உட்கார வைத்து, பிள்ளைகளைப் பொது இடத்துக்குக் கூட்டி வருகிற தகப்பனுடைய கடமைகளைப் பற்றி நெடுநேரம் பேசினார். ஏற்கனவே எனக்காகத் தயார் செய்து வைத்திருந்த பேச்சாக இருக்க வேண்டும். வீணாக்க மனமில்லாமல் அவருக்குக் கொடுத்தார். நான் நடுவில் புகுந்து காப்பாற்றவில்லை.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பிள்ளைகள் இரண்டும் எங்கள் மடியில் உடனே தூங்கிவிட்டன. குமரன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, பாவம், பயந்துபோய் அழுகிறார் போலிருக்கிறது என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தார். ஷா ஆலம் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.

ஷா ஆலமில் அவராகவே சொன்னார். "இனிமே நீ நைட் டூட்டி முடிச்சு வந்தா, நானே பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போயிடறேன். நீ அழுதாலும் உன்னக் கூட்டிட்டுப் போகப் போறதில்ல." அதை இன்றுவரை காப்பாற்றி வருகிறார். ஒருமுறை கவினை ஒற்றைக் காலில் ஷூவோடு கூட்டிக்கொண்டு வந்தார். இன்னொருமுறை இரண்டு பேருக்கும் ஒரே நாளில் மொட்டை அடித்துவிட்டார். (பத்துமலை வேண்டுதல் என்றார். அப்படி யாரும் வேண்டிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.) நான் ஒரு வார்த்தை கேட்பதில்லை. தூங்கிக்கொண்டிருப்பேன்.

கட்டிலில் நான் தூங்கிய அந்தப் படம் எங்கெங்கோ சுற்றியது. சில வாரங்கள் கழித்து, வார்டில் ஒரு சின்னப் பெண் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அருங்காட்சியகத்தில் புதுசாக வைத்திருக்கும் பொம்மையாம், அச்சு அசல் மனுஷி மாதிரியே இருக்கிறதாம். கொசுவலைக்குப் பின்னால் வாயைப் பிளந்தபடி நான். பார்த்துவிட்டு, "பாவம், ரொம்பக் களைப்பா இருக்கு" என்றேன். "அக்கா, அது பொம்மைலா" என்றாள் அவள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

வீட்டில் மட்டும் தப்பிக்க முடியவில்லை. குமரனின் அக்கா செலாயாங்கில் இருக்கிறார். கதை அவர் காதுக்குப் போனது. அவர் வழியாக மொத்தச் சொந்தக்காரர்களுக்கும் போனது. கல்யாண வீடுகளில் நான் கொஞ்சம் நாற்காலியில் சாய்ந்தால் போதும், யாராவது வந்து குழந்தைகளை எண்ணிப் பார்ப்பார்கள். தாரணி இப்போது என்னைவிட உயரம். கவினுக்கு மீசை அரும்புகிறது, டைனசோரை மறந்துவிட்டான். இந்தக் கதையை மட்டும் இரண்டு பேரும் மறக்கவில்லை.

போன வாரமும் இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்தேன். வெளியே போன் அடித்தது. கவின் எடுத்தான். செலாயாங் அத்தைதான். அம்மா எங்கே என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது.

"தூங்கறாங்க, அத்தே."

அந்தப் பக்கமிருந்து ஏதோ கேள்வி வந்தது. என்ன கேள்வி என்று எனக்குத் தெரியும். கதவு லேசாகத் திறந்து, அவன் எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"இருங்க, பாத்துச் சொல்றேன்" என்றான். "ஆமா, எங்க வீட்டுலதான்."

சிரித்துவிட்டுத் திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் தூங்கிவிட்டேன்.